தனியாக ஓட்டுபவருக்கு ரசமட்டமும் கொஞ்சம் கணக்கும் போதும்

வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் கையில் ரசமட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவில் வந்து நின்றால் தளம் மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். வீடு கட்டும்போது ஒரு முறை மட்டம் பார்த்துவிட்டால் அந்தக் கவலை அதோடு தீர்ந்தது. ஆனால் வீட்டுக்கே சக்கரம் வைத்து ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு? அவர் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் புதிதாக மட்டம் பார்க்க வேண்டும்!

மோட்டார்ஹோம் என்றால் நம் ஊரில் சட்டென்று நினைவுக்கு வருவது சினிமா நடிகர்களின் கேரவன்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது சாதாரண மனிதர்களின் வாகனம். ஒரு வேன் அல்லது லாரியின் அடிச்சட்டத்தின் மேல் படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் ஏற்றிக் கட்டியிருப்பார்கள். விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் ஒரு பக்கம். வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல் வண்டியையே வீடாக்கிக்கொண்டு தனியாக வாழ்கிறவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான் ஜெசிக்கா ப்ரூடர் 2017ல் 'நோமேட்லேண்ட்' என்ற புத்தகத்தை எழுதினார். அதைத் தழுவி க்ளோயி ஜாவோ இயக்கிய படம் 2021ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது. அரிசோனா மாநிலத்தின் குவார்ட்ஸைட் என்ற சின்ன ஊரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் குளிர்காலம் வந்தால் இப்படிப்பட்ட வண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். அங்கே போடப்பட்ட தளம் கிடையாது. கல், மணல், மேடு, பள்ளம்தான்.

இப்படித் தனியாகப் போகிறவர்களுக்குச் சொல்லப்படும் ஆலோசனைகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, "பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்". இன்னொன்று, "பொத்தானை அழுத்தினால் தானே மட்டமாகிற ஜாக்கியை வாங்கிப் பொருத்திவிடுங்கள்". இரண்டும் கேட்க நன்றாக இருக்கின்றன. ஆனால் இரண்டுமே ஒன்றை மறைக்கின்றன. மட்டம் செய்வது ஆள்பலமோ பணபலமோ கேட்கிற வேலை இல்லை. அது ஒரு எளிய கணக்கு. அந்தக் கணக்கைச் சொல்லித் தராமல் விட்டுவிட்டு, "தனியாக இருக்கிறாயே, உன்னால் முடியாது" என்று பயமுறுத்துவது நியாயம் இல்லை.

மட்டம் எதற்கு?

"வண்டி கொஞ்சம் சாய்ந்து நின்றால் என்ன கெட்டுப்போய்விடும்?" என்று கேட்கலாம். முதலில் கெடுவது தூக்கம். தலைப்பக்கம் தாழ்ந்திருந்தால் ரத்தம் தலைக்கு ஏறியது போல் இருக்கும். பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் இரவு முழுவதும் உருண்டு சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். குளித்த தண்ணீர் வடிகால் துளைக்குப் போகாமல் மூலையில் தேங்கும். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் கருவி பொய் சொல்லும்.

அடுத்து குளிர்சாதனப் பெட்டி. கேஸில் ஓடும் பழைய வகைப் பெட்டிகளில் மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது. அமோனியா, நீர், ஹைட்ரஜன் மூன்றையும் அடைத்த குழாய்களைச் சூடாக்கியே குளிர்ச்சியை உண்டாக்குகிறார்கள்! ஸ்வீடனில் பால்ட்சார் வோன் ப்ளாட்டன், கார்ல் முன்டெர்ஸ் என்ற இரண்டு பேர் மாணவர்களாக இருந்தபோது 1922ல் கண்டுபிடித்தது இது. பம்ப் இல்லாததால் உள்ளே இருக்கும் திரவம் புவியீர்ப்பால்தான் வழிந்து திரும்ப வேண்டும். வண்டி அதிகம் சாய்ந்து நின்றால் திரவம் வழியிலேயே தேங்கிவிடும். சூடாக்கும் பகுதி வறண்டு காயும். துருப்பிடிக்காமல் இருப்பதற்காகக் கலந்திருக்கும் ரசாயனம் கட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். அப்புறம் அந்தப் பெட்டி கெட்டது கெட்டதுதான். ஓடும் வண்டியில் இந்தப் பிரச்சினை குறைவு, ஏனென்றால் குலுங்கிக்கொண்டே இருப்பதால் திரவம் ஓரிடத்தில் நிற்பதில்லை. நிறுத்தி வைக்கும்போதுதான் ஆபத்து.

அதே சமயம் மிகைப்படுத்தவும் தேவையில்லை. இப்போது பல வண்டிகளில் வரும் 12 வோல்ட் கம்ப்ரஸர் பெட்டிகள் இந்த அளவு சாய்வுக்கெல்லாம் அசராது. மனிதர்களுக்கும் ஒரு டிகிரிக்குள் சாய்ந்திருந்தால் பெரிதாகத் தெரியாது. குமிழி கோட்டின் நடுவில் மயிரிழை பிசகாமல் நிற்க வேண்டும் என்று இருட்டும் வரை போராடுகிறவர்கள் உண்டு. அது வீண் வேலை. ஒரு டிகிரிக்குள் கொண்டுவந்து, தலைப்பக்கம் சற்றே உயரமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் தாராளமாகப் போதும்.

ஒரு மீட்டருக்கு ஒன்றே முக்கால்

இனி அந்தக் கணக்கு. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி சாய்வு என்றால் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1.75 செ.மீ. பள்ளிக்கூடத்தில் படித்த டேன்ஜன்ட்தான் இது. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

வண்டியைப் பற்றி இரண்டு அளவுகள் தெரிந்திருக்க வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் ஒன்று. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் இன்னொன்று. ஐரோப்பாவில் நிறைய மோட்டார்ஹோம்கள் ஃபியட் டுகாட்டோ வேனின் மேல் கட்டப்படுகின்றன. அதன் நீளமான வகையில் முதல் அளவு சுமார் 4 மீட்டர், இரண்டாவது சுமார் 1.8 மீட்டர்.

ஒரு உதாரணம் பாருங்கள். அந்த வண்டியில் ஒருவர் தனியாக வந்து நிறுத்துகிறார். தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் முன்பக்கம் 1.5 டிகிரி தாழ்ந்திருக்கிறது, இடப்பக்கம் 2 டிகிரி தாழ்ந்திருக்கிறது. நீளவாக்கில் 4 × 1.75 × 1.5 = 10.5 செ.மீ. அகலவாக்கில் 1.8 × 1.75 × 2 = 6.3 செ.மீ. வலது பின் சக்கரம்தான் உயரமான இடத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். இடது பின் சக்கரத்தை 6.3 செ.மீ. உயர்த்த வேண்டும். வலது முன் சக்கரத்தை 10.5 செ.மீ. உயர்த்த வேண்டும். இடது முன் சக்கரத்துக்கு இரண்டையும் கூட்டி 16.8 செ.மீ!

கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் சாய்தளக் கட்டைகளில் பல 10 செ.மீ. உயரத்தை ஒட்டியே இருக்கும். 16.8க்கு எங்கே போவது? கட்டை மேல் கட்டையாக அடுக்கி ஏற்றுவது ஆபத்து. இந்த இடத்தில்தான் பலர் சோர்ந்துபோய் வேறு இடம் தேடுகிறார்கள், இல்லையென்றால் விலை உயர்ந்த ஜாக்கியை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள்.

கட்டையை எடுக்கும் முன் வண்டியைத் திருப்புங்கள்

கணக்கு இன்னொரு விஷயத்தையும் சொல்கிறது. வண்டியின் நீளம் அதன் அகலத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். எனவே அதே சாய்வு நீளவாக்கில் விழுந்தால் உயர வித்தியாசமும் இரண்டு மடங்குக்கு மேல் வரும். அகலவாக்கில் விழுந்தால் குறைவு.

மேலே சொன்ன இடத்தில் தரையின் உண்மையான சாய்வு 2.5 டிகிரி (1.5, 2, 2.5 என்பது பிதாகரஸ் முக்கோணம்). வண்டியின் மூக்கை வலப்பக்கமாகச் சுமார் 37 டிகிரி திருப்பி நிறுத்தினால் முழுச் சாய்வும் அகலவாக்கில் வந்துவிடும். இப்போது தேவை 1.8 × 1.75 × 2.5, அதாவது 8 செ.மீ.க்குள். இடப்பக்கத்து இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே உயரம். சாதாரணக் கட்டைகள் இரண்டே போதும். மூன்று சக்கரங்களும் 16.8 செ.மீட்டரும் இருந்த கணக்கு, ஸ்டீயரிங்கைத் திருப்பியதால் இரண்டு சக்கரங்களும் 8 செ.மீட்டருமாகக் குறைந்துவிட்டது. காசு செலவில்லாத ஜாக்கி என்றால் இதுதான். சரிவுக்குக் குறுக்காக நிறுத்து, தாழ்ந்த பக்கத்தை உயர்த்து. இதை விட எளிய விதி கிடையாது.

கோடு போட்ட முகாம்களில் இப்படித் திரும்ப இடம் இருக்காது என்பது உண்மை. ஆனால் அங்கே தரை அவ்வளவு மோசமாக இருப்பதும் குறைவு. மழைநீர் ஓடுவதற்காக 1 முதல் 2 சதவீதம் சாய்வு வைத்துத் தளம் போடுவது வழக்கம். 2 சதவீதம் என்பது 1.15 டிகிரிதான். திறந்த வெளியில்தான் சாய்வு அதிகம், திரும்ப இடமும் அங்கேதான் அதிகம்.

ஒரு எச்சரிக்கை. அரிசோனா போன்ற பாலைவனங்களில் பார்ப்பதற்கு மிகச் சமமாக இருக்கும் இடம் பல சமயம் காய்ந்த ஓடையின் மணல் படுகையாக இருக்கும். எங்கோ தொலைவில் பெய்த மழை திடீர் வெள்ளமாக அதே வழியில் வரும். மட்டமான இடம் என்று ஆசைப்பட்டுப் படுகையில் இறங்குவதைவிட மேட்டில் சாய்ந்து நிற்பது எவ்வளவோ மேல்.

பார்த்துச் சொல்ல ஆள் இல்லையென்றால்

தம்பதியாகப் போகிறவர்கள் செய்வது இதுதான். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் வெளியே நின்று "வா... வா... நில்!" என்று கத்துவார். (சண்டை ஆரம்பிப்பதும் அங்கேதான்.) தனியாக இருப்பவரால் ஒரே நேரத்தில் ஓட்டவும் சக்கரத்தைப் பார்க்கவும் முடியாது. அவருக்குத் தேவை, ஓட்டுநர் இருக்கையில் இருந்தே பார்க்கக்கூடிய அடையாளம். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ஓட்டுநர் கண்ணுக்கு எதிரே நிரந்தரமாக ஒட்டிய ரசமட்டம். வண்டியின் உள்தரை நன்றாக மட்டமாக இருக்கும் ஒரு நாளில், குமிழி நடுவில் நிற்கும்படி பார்த்து ஒட்டிவிட வேண்டும். செல்போனிலும் சாய்வைக் காட்டும் செயலிகள் உண்டு. ஆனால் செல்போனைப் படுக்க வைத்தால் பின்னால் புடைத்திருக்கும் கேமரா அளவைக் கெடுத்துவிடும். பக்கவாட்டு விளிம்பில் நிறுத்திப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, தரையில் ஒரு கல். கட்டையின் உச்சி சக்கரத்திலிருந்து 50 செ.மீ. முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் கதவின் அடியில் ஒரு நாடா ஒட்டி, அந்த நாடாவுக்கு நேர் கீழே இருந்து 50 செ.மீ. முன்னால் தரையில் ஒரு கல்லை வைத்துவிட வேண்டும். மெதுவாக ஏற்றும்போது ஜன்னல் வழியே குனிந்து பார்த்தால் நாடாவும் கல்லும் ஒரே கோட்டுக்கு வரும் இடத்தில் சக்கரம் உச்சியில் இருக்கும். கூவிச் சொல்கிற ஆளின் வேலையைக் கல் செய்துவிடுகிறது.

மூன்றாவது, படிப்படியாக இல்லாமல் வளைந்து உயரும் கட்டை. அதில் ஏற ஏற வண்டி கொஞ்சம் கொஞ்சமாக உயரும். கண் முன்னே குமிழி நடுவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு இறங்கி அடைகட்டையைச் செருகினால் முடிந்தது.

எந்த வழியானாலும் இரண்டு விஷயங்களை விடக்கூடாது. டயரின் முழு அகலமும் கட்டையின் மேல் இருக்க வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள பெரிய வண்டிகளில் இரண்டு டயருக்கும் அடியில் கட்டை வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வைத்தால் அந்தப் பக்கத்துப் பாரம் முழுவதையும் ஒற்றை டயர் சுமக்கும்.

உயிர் போகிற தவறு எது?

இதுவரை சொன்னதெல்லாம் வசதி. இது உயிர்.

தேர் இழுக்கும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு முட்டுக்கட்டை போடுகிறவரின் முக்கியத்துவம் தெரியும். எத்தனை பேர் வடம் பிடித்தாலும் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் கையில். மோட்டார்ஹோமுக்கும் அப்படித்தான். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது, அது போதும் என்று நினைப்பது தவறு. காரணம் எளிது. பெரும்பாலான மோட்டார்ஹோம்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின் சக்கரங்களுக்கு விசை போகும் வண்டிகளில் கியரைப் பார்க்கிங்கில் போட்டாலும் அதுவும் பிடிப்பது அதே பின் சக்கரங்களைத்தான். இப்போது பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று ஜாக்கியால் தூக்கி, பின் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பிவிட்டால்? பிரேக்கும் கியரும் அந்தரத்தில் தொங்கும் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். வண்டியைப் பிடிக்க எதுவும் இல்லை. சரிவில் அது ஜாக்கியைச் சாய்த்துவிட்டு உருளும்.

இருவராக இருந்தால் ஒருவராவது கத்தி எச்சரிப்பார், ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார். தனியாக இருப்பவருக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை. ஆகவே தனியாகப் போகிறவருக்கு விதிகள் இன்னும் கறாராக இருக்க வேண்டும்:

1. வண்டியை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் ஹேண்ட் பிரேக், கியர், எஞ்சின் நிறுத்தம். "சும்மா ஒரு நிமிஷம்தானே" என்ற பேச்சே கூடாது.

2. நிறுத்தியதும் தரையில் நிற்கும் சக்கரங்களுக்குச் சரிவுப் பக்கம் முட்டுக்கட்டை.

3. எக்காரணம் கொண்டும் பின் சக்கரங்களைத் தரையை விட்டுத் தூக்கக் கூடாது. உயர்த்த வேண்டுமென்றால் அடியில் கட்டை வைத்து, சக்கரத்தின் மேலேயே பாரம் நிற்கும்படி உயர்த்த வேண்டும்.

4. மூலைகளில் இருக்கும் தாங்குகால்கள் ஆட்டத்தைக் குறைப்பதற்கு மட்டும். வண்டியைத் தூக்குவதற்கு அல்ல.

5. கட்டை சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது.

6. மண் இளகலாக இருந்தால் தாங்குகாலுக்கு அடியில் பலகை. 10 செ.மீ. சதுரக் காலுக்கு அடியில் 30 செ.மீ. சதுரப் பலகை வைத்தால் பரப்பு ஒன்பது மடங்கு ஆகும், மண்ணின் மேல் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகும். இரவில் மழை பெய்தாலும் கால் புதையாது.

7. காலையில் கிளம்பும் முன் படிக்க வேண்டிய பட்டியல் ஒன்றை ஸ்டீயரிங்கிலேயே தொங்க விட வேண்டும். தாங்குகாலை மடக்காமல் வண்டியைக் கிளப்பினால் நினைவுபடுத்தப் பக்கத்தில் ஆள் இல்லை.

பொத்தான் இருக்கும்போது கணக்கு எதற்கு?

தானியங்கி ஹைட்ராலிக் ஜாக்கி நல்ல கருவிதான், அதில் சந்தேகம் இல்லை. முதுகுவலி உள்ளவருக்கும் குனிந்து கட்டை வைக்க முடியாதவருக்கும் அது வரப்பிரசாதம். ஆனால் அதன் விலை பல ஆயிரம் டாலர். வாடகை கட்ட முடியாமல் வேனில் குடியேறியவரிடம் போய் அதை வாங்கச் சொல்வது, சோற்றுக்கு வழியில்லாதவனிடம் நெய் ஊற்றிச் சாப்பிடச் சொல்வது போலத்தான். எடை இன்னொரு பிரச்சினை. ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்துக்காக 3.5 டன் எல்லைக்குள் கட்டப்பட்ட வண்டிகளில் ஏற்கெனவே தண்ணீரும் சாமானும் ஏற்றிய பிறகு மிச்சம் அதிகம் இருக்காது. அதில் பல பத்து கிலோவை ஜாக்கிக்கே கொடுக்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, பின் சக்கரம் தரையை விட்டுத் தூக்கப்படுவதால் வரும் ஆபத்து பொத்தான் அழுத்துவதால் மறைந்துவிடுவதில்லை. சரிவு அதிகமாக இருந்தால் அந்தக் கருவியும் சக்கரத்தைத் தூக்கித்தான் மட்டம் செய்யும். கணக்குத் தெரிந்தவர் "இந்த இடத்தில் 17 செ.மீ. தேவைப்படும், இங்கே வேண்டாம்" என்று பொத்தானைத் தொடும் முன்பே முடிவு செய்வார். கணக்குத் தெரியாதவர் பச்சை விளக்கு எரிந்ததும் நிம்மதியாகப் படுத்துக்கொள்வார். கருவி இருப்பவருக்கும் கணக்கு தேவை என்பது இதனால்தான்.

பக்கத்து வண்டிக்காரரைக் கூப்பிடுவதிலும் தப்பு இல்லை. இந்த வண்டிவாசிகள் ஒருவருக்கொருவர் உதவுவதில் பேர் போனவர்கள். ஆனால் எல்லா இடத்திலும் பக்கத்து வண்டி இருக்காது. இருட்டில் வந்து சேரும் ஒரு பெண், முன்பின் தெரியாதவரிடம் போய் "நான் தனியாக வந்திருக்கிறேன், உதவுங்கள்" என்று சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. உதவி கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். உதவி இல்லாவிட்டால் இரவு தூங்க முடியாது என்ற நிலைமைதான் இருக்கக் கூடாது.

யார் என்ன செய்யலாம்?

வண்டி விற்பவர்கள் சாவியோடு சேர்த்து ஒரு சின்ன அட்டையைக் கொடுக்கலாம். எத்தனை டிகிரி சாய்வுக்கு எந்தச் சக்கரத்தை எத்தனை செ.மீ. உயர்த்த வேண்டும் என்ற அட்டவணை அதில் இருந்தால் போதும். அச்சடிக்க ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. ஹேண்ட் பிரேக் எந்தச் சக்கரங்களைப் பிடிக்கும் என்பதைக் கையேட்டின் நடுவே எங்கோ ஒளித்து வைக்காமல் அதே அட்டையில் கொட்டை எழுத்தில் போடலாம். முகாம் நடத்துகிறவர்கள் ஒவ்வொரு இடத்துக்கும் நீள அகலம் சொல்வது போலச் சாய்வு எவ்வளவு, எந்தப் பக்கம் என்றும் பலகையில் எழுதி வைக்கலாம். ஒரு முறை அளந்தால் வருஷக்கணக்கில் பயன்படும்.

அவர்கள் செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தன் வண்டியின் இரண்டு அளவுகளை அளந்து, 1.75ஆல் பெருக்கி, ஒரு டிகிரிக்கு எத்தனை செ.மீ. என்று தாளில் எழுதி, ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே ஒட்டிவைக்க அரை மணி நேரம் ஆகுமா? அதைச் செய்தவர் அடுத்த முறை ஒரு சரிவில் வந்து நிற்கும்போது, தூக்கலாமா, திருப்பலாமா, இல்லை வேறு இடம் பார்க்கலாமா என்பதை யாரையும் கேட்காமல் தானே முடிவு செய்துகொள்வார்.